கண்ணில் படாத கொடை

தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நீளும் புறநகர்களில் வயல்கள் மனைகளாகவும் மனைகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பின் இந்த வேகம் இன்னும் கூடியிருக்கிறது. ஊரப்பாக்கத்தில் வசிக்கும் நான் எந்தத் தெருவில் நடந்தாலும் கட்டுமானத்துக்காக இறக்கி வைக்கப்பட்ட கம்பிக் கட்டுகளைக் காண்கிறேன். பெரும்பாலானவை வெறும் இரும்பு. மழையில் நனைந்து செம்மண் நிறமேறியவை பல. சாம்பல் நிறத்திலோ பச்சை நிறத்திலோ மெல்லிய பூச்சு ஏறியவை மிகச் சில. வீடு வாங்க வருபவர்கள் தரை ஓட்டைப் பார்க்கிறார்கள். சமையல் மேடையின் கருங்கல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள். குளியலறைக் குழாய் எந்த நிறுவனத்தினது என்று கேட்கிறார்கள். தூணுக்குள் போகும் கம்பியைப் பற்றிக் கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அந்தச் சாம்பல் நிறப் பூச்சுக்கு ஓர் ஊர் உண்டு. சிமென்ட்டையும் பாலிமரையும் கலந்து, துருப்பிடிக்காதபடி கம்பியின் மேல் ஏற்றும் முறையை உருவாக்கியது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஊர் மக்கள் அதைச் 'சிக்ரி' என்று அழைக்கிறார்கள். பெரிய துறைமுகமோ, கனரகத் தொழிற்சாலைகளோ, பழைய பல்கலைக்கழகமோ இல்லாத ஒரு வறண்ட சீமையில், உலகத் தரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் எப்படி வந்தது? அதற்கு விடையாக நிற்பவர் ஒரு தனிமனிதர்: வள்ளல் அழகப்ப செட்டியார். கல்லூரிகளைத் தந்தவராக அவரைத் தமிழ்நாடு நன்கு அறியும். பூச்சுகளையும் புதிய பொருள்களையும் ஆராயும் ஓர் அறிவியலுக்கு நிலம் தந்தவராக அவரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அவருடைய கொடைகளிலேயே மிகத் தொலைநோக்குடையது இதுதான் என்பது என் எண்ணம்.

அழகப்பர் 1909 ஏப்ரல் 6 அன்று காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், ராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகப் பிறந்தார். நகரத்தார் குடும்பங்கள் பர்மா, மலேயா, இலங்கை எனக் கடல் கடந்து வட்டித் தொழிலில் பொருள் ஈட்டி, அதைச் சொந்த ஊரில் மாளிகைகளாக எழுப்பிய காலம் அது. அந்த வீடுகளின் சுவர்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சுண்ணாம்பை அரைத்து, முட்டையின் வெண்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து, படலம் படலமாக ஏற்றித் தேய்த்த பூச்சு அது. தொட்டால் பளிங்கு போலக் குளிரும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் தலைமுறைகள் தாண்டி நிற்கும். அழகுக்கு மட்டும் பூசப்பட்டதல்ல. அந்தப் பூச்சு சுவரைக் காத்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதையும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதையும் அன்றாடம் கண்ட சமூகத்துக்கு, ஒரு பொருளின் ஆயுள் அதன் மேற்பரப்பில் இருக்கிறது என்பது பாடநூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியல்ல.

நகரத்தார் பிள்ளைகள் கணக்கு கற்றதும் கடைக்கு அனுப்பப்படுவது அக்காலத்து வழக்கம். அழகப்பர் அந்த வழியில் நிற்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அவருடைய சமூகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே என்பர். பின்னர் இங்கிலாந்து சென்று வழக்குரைஞர் பட்டத்துக்குப் படித்தார். லண்டனில் சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இலக்கியம், சட்டம், வங்கி, விமானம் என்ற இந்த நான்கும் ஒருவரிடம் சேர்ந்தது வெறும் ஆர்வக் கோளாறு அன்று. பழைய வட்டித் தொழிலின் காலம் முடியப்போகிறது, இனி வரப்போவது இயந்திரங்களின் காலம் என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பியவர் தொழில்களில் இறங்கினார். 1937-இல் கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூருக்கு அருகே புதுக்காட்டில் நெசவாலை ஒன்றைத் தொடங்கினார். அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்றும் அவர் பெயரால் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. மலேயாவில் ரப்பர்த் தோட்டங்கள், ஈயச் சுரங்கம், இந்தியாவில் காப்பீடு, பங்கு வணிகம், ஜூபிடர் என்ற பெயரில் விமானப் போக்குவரத்து என்று அவருடைய தொழில்கள் விரிந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, நகரத்தார் பலருடைய பல தலைமுறைச் சொத்து கண்முன்னே கைவிட்டுப் போயிற்று. செல்வம் எவ்வளவு விரைவில் கரையக்கூடியது என்பதற்கு அந்தத் தலைமுறைக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. அந்த இழப்பைக் கண்ட பலர் மிஞ்சியதை இறுக்கிப் பிடித்தார்கள். அழகப்பர் கொடுக்கத் தொடங்கினார்.

முதலில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைய ஒரு லட்சம் ரூபாய் தந்தார். அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் தொழில்நுட்பக் கல்லூரித் திட்டத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் அளித்தார். 1944-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்று கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. வேதிப் பொறியியல், நெசவு, தோல் ஆகிய துறைகளில் தமிழ்நாட்டின் தொழில்களுக்கு அது ஆள் தந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கலாம். மொழிக்கும் தந்தார், வேதியியலுக்கும் தந்தார். இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் அவர் காலத்தை வீணாக்கவில்லை.

1947-இல் காரைக்குடியில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடந்தது. சிறப்பான நினைவுச் சின்னம் எதுவாக இருக்கும் என்ற பேச்சு எழுந்தபோது, இந்த ஊரில் ஒரு கல்லூரி தொடங்குவதே பொருத்தம் என்று அழகப்பர் அறிவித்தார். மேடையில் அறிவித்துவிட்டு மறந்துபோகும் வழக்கம் அவரிடம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், நாடு விடுதலை அடைந்த அந்த மாதத்திலேயே, காந்தி மாளிகை என்ற கட்டடத்தில் கல்லூரி இயங்கத் தொடங்கிவிட்டது. சொந்தக் கட்டடம் வரட்டும், அனுமதி வரட்டும், ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும் என்பது அவர் கணக்கு. பிரித்தானிய அரசு தந்திருந்த 'சர்' பட்டத்தையும் விடுதலையை ஒட்டித் துறந்தார். பின்னாளில் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்து அவரைச் சிறப்பித்தது.

இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்வும் நாட்டின் அறிவியல் வரலாறும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. 1942-இல் உருவான அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் தலைமையில் நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவத் திட்டமிட்டிருந்தது. டெல்லிக்கு இயற்பியல், புனேக்கு வேதியியல், சென்னைக்குத் தோல் என்று இடங்கள் முடிவாகிக்கொண்டிருந்தன. மின்வேதியியலுக்கென்று ஒரு தனி ஆய்வுக்கூடம் அமையப்போகிறது என்றதும், அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவர அழகப்பர் முன்வந்தார். 300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய் ரொக்கம் ஆகிய இரண்டையும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் காலத்தில், குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தார்.

ஒரு செல்வந்தர் கோயிலுக்குத் திருப்பணி செய்தால் அவர் பெயர் கல்லில் இருக்கும். கல்லூரி கட்டினால் பட்டம் பெறும் ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழிலும் இருக்கும். ஆய்வுக்கூடத்துக்குக் கொடுப்பவருக்கு இந்த இரண்டும் இல்லை. சிக்ரியின் பெயரில் அழகப்பர் இல்லை. அங்கு நடக்கும் ஆய்வு பயன் தருவதற்குப் பத்தாண்டு ஆகலாம், முப்பதாண்டு ஆகலாம், பயனே தராமலும் போகலாம். மேலும் மின்வேதியியல் என்ற சொல்லே அன்று பொதுமக்களுக்கு அயலானது. மின்சாரத்தைக் கொண்டு பொருளை மாற்றுவதும், பொருளின் மாற்றத்திலிருந்து மின்சாரம் பெறுவதும் அந்தத் துறையின் உள்ளடக்கம். உலோகத்துக்கு முலாம் பூசுவது, மின்கலம் செய்வது, உப்பு நீரிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பது, துருவைத் தடுப்பது ஆகிய யாவும் அதற்குள் அடங்கும். இவற்றின் அருமையை 1948-இல் உணர்ந்து நிலத்தை எழுதிக் கொடுக்க, ஆலை நடத்திய அனுபவமும் உலகம் கண்ட கண்ணும் ஒருசேர வேண்டியிருந்தன.

அதன்பின் அவருக்குக் கிடைத்த ஆண்டுகள் மிகக் குறைவு. நீண்டகால நோய் உடலை வருத்தியபடியே இருந்தது. ஆயினும் 1950-களில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்தொழில்நுட்பப் பயிலகம், பெண்கள் கல்லூரி, உடற்பயிற்சிக் கல்லூரி, சிறார் பள்ளி என்று காரைக்குடியின் பொட்டல் வெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் எழுந்தன. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தபோது தாம் குடியிருந்த மாளிகையையே ஒழித்துக் கொடுத்தார். பத்தாண்டுக்குள் ஒரு சிற்றூர்ப் பிள்ளை மழலைப் பள்ளியில் நுழைந்து பொறியாளராக வெளியேறும் வாய்ப்பு ஒரே வளாகத்தில் அமைந்துவிட்டது. 1957 ஏப்ரல் 5 அன்று சென்னையில் அவர் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும். அவர் நட்ட கல்வி நிலையங்களின் நீட்சியாக 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று.

அவர் மறைந்த பின் சிக்ரி என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் அந்தக் கொடையின் மதிப்பை எடைபோட முடியாது. இரும்பு துருப்பிடிப்பதை நாம் இயற்கையின் சிறு குறும்பாகக் கருதிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு மின்வேதியியல் நிகழ்வு. இரும்பின் ஒரு புள்ளி எலக்ட்ரானை இழக்கிறது; இன்னொரு புள்ளியில் நீரும் ஆக்சிஜனும் அதைப் பெறுகின்றன; இரண்டுக்கும் நடுவே மிக நுண்ணிய மின்னோட்டம் ஓடுகிறது. ஒவ்வொரு துருப்பிடித்த ஆணியும் தன்னைத் தானே தின்னும் ஒரு சிறு மின்கலம். இந்த அரிமானத்தால் உலகுக்கு ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் டாலர், அதாவது உலகின் மொத்த உற்பத்தியில் 3.4 விழுக்காடு என்று அரிமானப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. போர்களுக்கும் பெருவெள்ளங்களுக்கும் தலைப்புச் செய்தி உண்டு, துருவுக்கு இல்லை.

இந்த நோய்க்கு மருந்து பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கிறது. வெறுமனே நிறம் தரும் வண்ணம் ஒருவகை. ஈரத்தைத் தடுப்பது, உப்பை எதிர்ப்பது, தேய்மானத்தைத் தாங்குவது, வெப்பத்தைப் பொறுப்பது என ஒரு குறிப்பிட்ட பணியைச் செய்யும் பூச்சு இன்னொரு வகை. ஒரே பொருளால் எல்லாப் பணிகளும் நடக்காது என்பதால் இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்துக் கலப்புப் பூச்சுகள் செய்கிறார்கள். எடுத்துக்காட்டாக, நிக்கல் முலாம் பூசும் மின்தொட்டியில் சிலிக்கான் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் நுண்துகள்களை மிதக்கவிட்டால், நிக்கல் படியும்போது துகள்களும் கூடவே படிந்துவிடும். முலாமுக்கு நிக்கலின் பிடிமானமும் துகளின் கடினமும் சேர்ந்து கிடைக்கும். இயந்திர உருளைகளின் உட்சுவரில் இத்தகைய பூச்சு பயன்படுகிறது. சுண்ணாம்போடு கடுக்காயும் வெண்கருவும் சேர்த்த செட்டிநாட்டுக் கொத்தனாருக்கு இந்தத் தத்துவம் விளங்காமல் இருக்காது. முலாம் பூசுதல், அலுமினியத்தின் மேல் கடினப் படலம் வளர்த்தல், கலப்புப் பூச்சு, மின்கலம் என்று பல கிளைகளில் காரைக்குடி ஆய்வாளர்கள் உழைத்து வந்திருக்கிறார்கள்.

கடற்காற்றில் பொருள்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்பதைக் கண்டறிய, சிக்ரி ராமேசுவரத்துக்கு முந்திய மண்டபத்தில் ஒரு கள ஆய்வு நிலையத்தை நடத்தி வருகிறது. உப்பும் ஈரமும் வெயிலும் ஒன்றாகத் தாக்கும் அந்தக் கரை, உலோகங்களுக்குக் கடுமையான தேர்வுக்கூடம். அதற்கு எதிரேதான் பாம்பன் பாலம் நிற்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கும் மேல் துருவோடு போராடி ஓய்வு பெற்றது. அதற்கு மாற்றாகக் கட்டிய புதிய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுடையது, நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும். துருவைத் தடுக்க அதன் இரும்புக்குப் பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு ஏற்றப்பட்டிருக்கிறது. பிரதமர் மோடி அதைத் திறந்து வைத்தது 2025 ஏப்ரல் 6 அன்று. அன்றே ராமேசுவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே காரைக்குடி வழியாகச் செல்லும் புதிய ரயிலும் தொடங்கி வைக்கப்பட்டது. அது அழகப்பர் பிறந்த நாள். தற்செயல்தான்; ஆனால் நினைத்துப் பார்க்கத்தக்க தற்செயல். அந்த ரயில் ஊரப்பாக்கத்தில் நிற்காமல் எங்கள் தண்டவாளத்தின் மேல்தான் கடந்து போகிறது.

ரயில் வந்து சேர்ந்துவிட்டது. காரைக்குடியின் அறிவு எங்கள் புறநகருக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்பதே என் கேள்வி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி இயல்பாகவே பாதுகாப்பானது. சிமென்ட்டின் காரத்தன்மை இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கலவை நீரிலோ மணலிலோ உப்பு இருந்தால் அந்தப் படலம் உடையும். கான்கிரீட் போதிய கனமில்லாமலும் நுண்துளைகளோடும் இருந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து காரத்தன்மையைக் குறைக்கும். கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது என்பதால் தப்பிவிட முடியாது. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலவைக்கும் நீராட்டலுக்கும் பயன்படுத்தினாலே போதும். துரு, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து எழும் அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்துச் சிம்பு சிம்பாக உதிரும். பழைய வீடுகளின் மாடி அடித்தளத்தில் கம்பி வெளியே தெரிவதைப் பார்க்காதவர் யார்?

கம்பிக்குப் பூச்சு ஏற்றுவது இதற்கு ஒரு தடுப்பு. ஆனால் அந்தத் தடுப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மணல் வீச்சால் கம்பியின் மேலுள்ள துருவையும் ஆலைச் செதிலையும் முழுதாக நீக்க வேண்டும். பிறகு முதற்பூச்சு, அதன்மேல் சிமென்ட்டும் பாலிமரும் கலந்த காப்புப் பூச்சு, அவை உலர்வதற்கு உரிய நேரம். பூசிய கம்பியை வளைக்கும்போதோ இழுத்துப் போடும்போதோ சிராய்ப்பு ஏற்பட்டால் அந்த இடத்தை மீண்டும் பூச வேண்டும். இதற்கு மாறாக, துருவேறிய கம்பியின் மேல் கட்டட இடத்திலேயே தூரிகையால் ஒரு வாளி குழம்பைத் தடவிவிட்டுப் பூச்சுக் கம்பி என்று சொல்லுவது பயனற்றது மட்டுமல்ல. சில நேரம் கெடுதலும் கூட. பூச்சுக்கு அடியில் சிக்கிய துரு அங்கேயே வளரும். ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் சோதித்து உருவாக்கிய ஒரு முறை, கடைசி ஐம்பது அடி தூரத்தில், கவனமின்மையால் தோற்றுப்போகிறது.

இதனால் யார் பாதிக்கப்படுகிறார்கள்? இருபதாண்டுத் தவணைக் கடனில் வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பம். 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளுக்குக் கட்டுநரே பொறுப்பு. நல்ல சட்டம்தான். ஆனால் துரு ஐந்தாண்டில் வெளியே வருவது குறைவு. பத்து, பதினைந்து ஆண்டுகள் உள்ளே அமைதியாக உழைத்துவிட்டு, கட்டுநரின் பொறுப்பு முடிந்த பிறகு, கடன் தவணை முடிவதற்கு முன்பு அது தன்னைக் காட்டும். ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில் கம்பியின் தரம், அதற்குச் செய்யப்பட்ட காப்பு முறை, கலவை நீரின் சோதனை முடிவு ஆகிய மூன்றையும் எழுத்தில் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். தரை ஓட்டின் நிறுவனப் பெயரை அச்சிடும் ஒப்பந்தத்தில் இதற்கும் மூன்று வரி இடம் இருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் ஊருக்கு அண்டையிலுள்ள மறைமலைநகர், ஒரகடம் பகுதிகள் வாகனத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. வாகன உடலைப் பூச்சுத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தி, மூலை முடுக்கெல்லாம் ஒரே கனத்தில் முதற்பூச்சு ஏற்றும் முறை இத்தகைய தொழிலின் அடிப்படை. பெரிய ஆலைகளுக்குத் திருகும் தாழும் செய்து தரும் சிறு பட்டறைகளும் முலாம் தொட்டிகளை நம்பியே இயங்குகின்றன. முலாம் தொழிலின் பழைய முறைகளில் சயனைடும், புற்றுநோய் தரக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியமும் புழங்கின. கழிவு நீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாவிட்டால் அவை நிலத்தடி நீரில் சேரும். இரும்பைக் காக்கும் பூச்சு ஏரியைக் கெடுக்கலாகாது. தீங்கு குறைந்த மாற்றுத் தொட்டிகள் வந்துவிட்டன. அவற்றைச் சிறு பட்டறைக்காரர் கைக்கெட்டும் செலவில் கொண்டு சேர்ப்பது ஆய்வு நிறுவனங்களின் கடமை. அதற்கான பயிற்சியையும் மானியத்தையும் தருவது அரசின் கடமை.

அழகப்பரின் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடம் இங்கே பொருந்துகிறது. அவர் நிலமும் பணமும் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தை ஒட்டியே பொறியியல் கல்லூரியும் பயிலகமும் வரும்படி பார்த்துக்கொண்டார். கண்டுபிடிப்பவரும், கற்பிப்பவரும், கையால் செய்பவரும் ஒரே ஊரில் நடமாட வேண்டும் என்ற அமைப்பு அதில் தெரிகிறது. பெருஞ்சாலையை ஒட்டித் தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை இன்று எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் வாசலிலேயே நூற்றுக்கணக்கான கட்டுமானங்கள் நடக்கின்றன. அந்த மாணவர்கள் கம்பி கட்டும் தொழிலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒரு நாள் பயிற்சி நடத்தலாம். ஊராட்சியின் துணையோடு கலவை நீரைச் சோதித்துச் சொல்லலாம். கோடிகள் வேண்டியதில்லை. அடுத்த வீட்டைப் பார்க்கும் கண் போதும்.

கோடிகள் வேண்டிய பணியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று செல்வந்தர்களுக்குக் குறைவில்லை, கொடையாளர்களுக்கும் குறைவில்லை. மருத்துவமனை, பள்ளி, கோயில், அன்னதானம் என்று அவர்கள் தருவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு, தன் பெயர் பொறிக்கப்படாத ஒரு துறைக்கு, பலன் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஒரு வினாவுக்கு, நிலத்தையும் பணத்தையும் ஒருசேரத் தர முன்வருபவர் எத்தனை பேர்? மின்கலமும் சூரிய மின்தகடும் விமானப் பாகங்களும் இனி எந்த நாட்டில் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கப்போவது, அவற்றின் மேல் ஏறும் சில மைக்ரான் படலத்தையும் அவற்றின் உள்ளே சேரும் கலப்புப் பொருளையும் யார் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பதே. அந்த அறிவை விலைக்கு வாங்கிக்கொண்டே இருக்கலாம். அல்லது நாற்பது வயதுகூட நிரம்பாத ஒரு நெசவாலை முதலாளி 1948-இல் செய்ததைப் போல, பொட்டல் நிலத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம்.

ஏப்ரல் 6 ஆண்டுதோறும் வருகிறது. அன்று அழகப்பர் படத்துக்கு மாலையிடுவதோடு, நாம் வாங்கப்போகும் வீட்டின் கட்டுநரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: தூணுக்குள் போகும் கம்பிக்கு என்ன செய்திருக்கிறீர்கள்? அந்தக் கேள்வி பலரிடமிருந்து எழத் தொடங்கும் நாளில்தான் காரைக்குடியில் அவர் கொடுத்த முந்நூறு ஏக்கரின் விளைச்சல் முழுமையாக நம் வீடு வந்து சேரும்.